முதுகுக்கு ஓர் இனிஷியல்

கோயமுத்தூர்,
12-3-1939

அன்புள்ள மச்சான் நல்லக்கண்ணுவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. சோம்பலால் சும்மா இருக்கவில்லை. நல்ல சேதி ஒன்று வரும் போலிருந்தது. வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். வந்துவிட்டது. எனக்குக் கதாநாயகன் வேஷம் கிடைத்திருக்கிறது.

சிரிக்காதே. முழுப் படம் இல்லை, ஆறாயிரம் அடி. பெயர் 'மண்டபத்துப் பூதம்'. இன்னொரு துண்டுப் படத்தோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டுவார்கள். பூதத்துக்குப் பயந்து பூதமாகவே வேஷம் போட்டுக்கொள்ளும் பண்டாரம் நான். இந்த ஆறு வருஷத்தில் நான் நடித்த படங்களில் சிலவற்றை நீ பார்த்திருப்பாய், ஆனால் என்னைக் கண்டிருக்க மாட்டாய். ஈட்டி பிடித்த மூன்றாவது சேவகன், ரிஷிகளில் கடைசி ரிஷி, ஒரு படத்தில் கரடி. அந்தக் கரடியைப் பற்றிப் பத்திரிகையில் நன்றாக எழுதியிருந்தார்கள். நிஜக் கரடி என்று நினைத்துவிட்டார்கள்.

எங்கள் முதலாளி அருமைநாயகம் பாளையங்கோட்டைப் பக்கத்து ஆள். பெரிய கம்பெனிக்காரர்கள் எடுத்து முடித்த அரண்மனை செட்டைப் பிரிப்பதற்குள் இரண்டு நாள் இரவல் கேட்டு எங்கள் படத்தை எடுக்கிறார். போன வாரம் நான் தூணில் சாய்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் தச்சர்கள் ஆணி பிடுங்கினார்கள். சத்தம் பதிவாகிவிட்டது. "பூதம் நடக்குத சத்தம்னு வச்சுக்கிடுவோம்" என்றார் முதலாளி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ அச்சாபீசில் எழுத்துக் கோப்பவன். எப்படியும் நோட்டீஸில் பார்த்துவிடுவாய். பெரிய வீட்டு அண்ணாச்சியைப் பற்றி இந்த ஊரில் நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. முதலாளி எங்கேயோ மோப்பம் பிடித்துவிட்டார்.

"ஏம்வே, பாட்டுப் பாடுத பால்வண்ணநாதன் ஒமக்கு அண்ணனாமே? அவுக தென்காசி சுந்தரம் பிள்ளைக்கு மூத்த தாரத்து மகன். நீரு களத்துமேட்டு மாரித்தாய் மகன். அப்படித்தான?"

"அப்படித்தான் மொதலாளி. ஆனா எங்க அம்மைக்கு அவரு தாலி..."

"தாலியவா படம் எடுக்கப் போறோம்? அப்பன் ஒண்ணுதான? போதும்."

அதனால் நோட்டீஸில் இப்படி வருகிறது: 'சங்கீத சிம்மம் தெ. சு. பால்வண்ணநாதன் அவர்களின் தம்பி தெ. சு. பெருமாள் நடிக்கும்.' தென்காசிக்குத் தெ, சுந்தரத்துக்குச் சு. ஒரு மனிதனுக்கு இருபத்தெட்டு வயதில் இனிஷியல் முளைத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய்.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

பெருமாள்


தென்காசி,
2-5-1939

மாப்பிள்ளை பெருமாளுக்கு,

உன் பூதம் இங்கே வந்து ஐந்து நாள் ஓடி நேற்றுப் போய்விட்டது. நோட்டீஸை நான்தான் கோத்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கொட்டகைக்காரர் காகிதத்தைக் கொண்டுவந்து, "பால்வண்ணநாதன் பேரை மர எழுத்துல போடும், தம்பிங்கதை உம்மகிட்ட இருக்கதுலயே பொடி எழுத்துல போடும்" என்றார். ஏனென்று கேட்டேன். "படிக்கத் தெரிஞ்சவன் படிக்கட்டும், தெரியாதவன் வரட்டும்" என்றார். கோத்தேன். உன் அண்ணன் பெயர் வாழைக்காய் பருமன். 'அவர்களின் தம்பி' என்பது எறும்பு. உன் பெயர் எறும்புக்குக் கொஞ்சம் பெரிது, கட்டெறும்பு.

முதல் நாள் கடையநல்லூரிலிருந்தும் பண்பொழியிலிருந்தும் வண்டி கட்டி வந்தார்கள். பால்வண்ணநாதன் எப்போது வருவார் என்று இரண்டாவது ரீல் வரை பொறுத்துப் பார்த்தார்கள். அப்புறம் மணலை அள்ளித் திரையில் எறிந்தார்கள். "ஏலே, சிம்மத்தைக் காட்டுங்கன்னா பண்டாரத்தைக் காட்டுதான்" என்று ஒருவன் கத்தினான். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. அப்போதுதான் நீ பூதமாக வேஷம் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் உன்னையே பார்த்துப் பயந்து குடத்துக்குள் தலையை விட்டுக்கொள்கிற இடம் வந்தது. கத்தினவனே முதலில் சிரித்தான். பிறகு கடைசி வரை யாரும் மணல் எறியவில்லை. மறுநாள் கூட்டம் உனக்காக வந்தது, அவருக்காக இல்லை. இதை மறந்துவிடாதே.

அத்தையிடம் மறைக்கச் சொன்னாய். நான் மறைக்கவில்லை. நோட்டீஸை அவளிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றாள். படித்தேன். "இதுல எதுலே தம்பிங்க எழுத்து?" என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இம்புட்டுக்கூண்டா இருக்கு" என்றாள். நோட்டீஸை நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

உன் அப்பாவைப் பற்றி இருபத்தெட்டு வருஷமாக அவள் ஊரில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

நல்லக்கண்ணு


கோயமுத்தூர்,
9-6-1939

மச்சான்,

அந்த நோட்டீஸை அம்மாவிடமிருந்து வாங்கிக் கிழித்துப் போட்டுவிடு. முடியாது என்று தெரியும். எழுதுகிறேன்.

அண்ணாச்சியின் வக்கீலிடமிருந்து முதலாளிக்கு ஒரு கடிதம் வந்தது. எனக்கும் ஒரு நகல், என் முழுப் பெயர் போட்டு. அதில் உள்ளபடியே எழுதுகிறேன்: 'எமது கட்சிக்காரருக்கு உடன்பிறந்தவர் எவரும் கிடையாது. சிவனணைந்தபெருமாள் என்ற நபர் எமது கட்சிக்காரருக்கு எவ்வித உறவும் உள்ளவர் அல்ல. தெ. சு. என்ற எழுத்துகளை அந்நபர் தம் பெயருக்கு முன் உபயோகிக்கக் கூடாது.'

நபர் என்று போட்டிருப்பதை நாலைந்து தடவை படித்தேன். கரடிக்குக் கூட ஒரு பெயர் இருந்தது.

முதலாளி பயந்துவிட்டார். மிச்ச ஊர்களுக்குப் போக வேண்டிய நோட்டீஸில் எல்லாம் அந்த வரிமேல் காகிதம் வெட்டி ஒட்டச் சொன்னார். ஒட்டியவர்களில் நானும் ஒருவன். அடுத்த படத்தில் எனக்கு வேஷம் இல்லை. "கோவிச்சுக்கிடாதயும். அந்த வரி இல்லாம ஒம்ம பேரை எவன் வாங்குவான்?" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை.

எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்று தெரியவில்லை. எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது பெரிய வீட்டுக் கொல்லையில் அண்ணாச்சி ஆர்மோனியத்தோடு பாடம் பண்ணுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். அவர் பாடியதை நான் திருப்பிப் பாடுவேன். ஒருநாள் நான் நிறுத்திவிட்டேன். அவர் அந்தப் பக்கத்திலிருந்து, "ஏன் நிறுத்திட்டே?" என்றார். எனக்கு அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அதை வைத்துக்கொண்டு சினிமாவுக்கு வந்தேன் என்றால் நீ திட்டுவாய்.

மதராஸுக்குப் போய் அவரை நேரில் பார்க்கப் போகிறேன்.

பெருமாள்


தென்காசி,
16-6-1939

பெருமாளுக்கு,

போகாதே. போய் என்ன கேட்பாய்? நான் உன் தம்பிதான், ஒத்துக்கொள் என்றா?

பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்த அன்றைக்கு நான் கூட இருந்தேன். உனக்கு மறந்திருக்கும். வாத்தியார் தகப்பன் பெயர் கேட்டார். அத்தை 'சுந்தரம் பிள்ளை' என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அதெல்லாம் எழுத முடியாது தாயி" என்று சொல்லி, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். அந்தப் பிள்ளைவாளின் நெல்லை அவள் தூற்றலாம், அவர் பிள்ளையைப் பெறலாம், பெயரை மட்டும் ரிஜிஸ்தரில் சொல்லக் கூடாது. கோடு போட்ட அந்த வாத்தியாரும் இப்போது உன்னை நபர் என்கிற வக்கீலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

கோர்ட்டுக்குப் போ. சாட்சி சொல்ல ஒரு தெருவே இருக்கிறது. அதற்குத் தைரியம் இல்லையென்றால் பேசாமல் அருமைநாயகம் கொடுக்கிற கரடி வேஷத்தைப் போடு. கரடிக்குள் இருப்பவனிடம் யாரும் தகப்பன் பெயரைக் கேட்க மாட்டார்கள்.

தான் மடித்து வைத்திருக்கிற நோட்டீஸிலும் காகிதம் ஒட்ட வேண்டுமா என்று அத்தை கேட்கச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நல்லக்கண்ணு


மதராஸ்,
4-7-1939

மச்சான்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே ரயிலேறிவிட்டேன். இங்கே வந்த பிறகுதான் திருப்பி அனுப்பிக் கிடைத்தது. நல்லதாயிற்று.

அண்ணாச்சி வீடு மயிலாப்பூரில் இருக்கிறது. வாசலில் போய் நின்றேன். அவர் சம்சாரம், ஸ்டார் இராமலட்சுமிதான், தானே கதவைத் திறந்தார். நான் இன்னார் என்று சொன்னதும் உள்ளே பார்த்து, "உங்க தம்பி வந்திருக்கார்" என்று சாதாரணமாகச் சொன்னார். அந்த அம்மா தஞ்சாவூர்க்காரர். நம் ஊர் நடைமுறை தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சியும், அவர் படத்து டைரக்டரும் வந்தார்கள்.

"வக்கீல் காகிதம் வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு அண்ணாச்சி."

"பின்ன என்ன?"

ரயிலில் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. வருகிறேன் என்று சொல்லித் திரும்பி நடந்தேன். வாசற்படி இறங்கும்போது அந்த டைரக்டர், "நில்லுங்க" என்றார். திரும்பப் போனேன். "திரும்பாதீங்க. அப்படியே நில்லுங்க. சட்டையைக் கழட்டுங்க" என்றார்.

கழற்றினேன். "அதே முதுகு சார்" என்றார் டைரக்டர்.

விஷயம் இதுதான். 'மலைநாட்டு மணாளன்' என்ற படத்தில் கதாநாயகன் சாபம் தீர அருவிக்கடியில் நின்று தவம் செய்ய வேண்டும். அண்ணாச்சி தண்ணீரில் நின்றால் தொண்டை கட்டிவிடும். அவர் தொண்டைதான் கம்பெனியின் முதல். வெற்று முதுகோடு அவர் தவத்துக்குப் புறப்படுவதை இங்கே ஸ்டூடியோவில் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். அதே முதுகு அருவிக்குள்ளும் வேண்டும். மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

ஒத்துக்கொண்டேன். ஷூட்டிங் குற்றாலத்தில். ஜூலை இருபதாம் தேதி வருகிறேன். முகத்தைக் காட்டக் கூடாது, ஊர்க்காரர்களோடு பேசக் கூடாது, நான் இன்னார் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. இதுதான் நிபந்தனை. மூன்று மைலில் வீடு இருந்தும் வர மாட்டேன். இந்தத் தடவையாவது அம்மாவிடம் சொல்லாதே.

இந்த முதுகு வேலை செய்தால், ஒரு படத்தில் முகம் தெரிகிற வேஷம் தருவதாக டைரக்டர் சொல்கிறார்.

பெருமாள்


தென்காசி,
28-7-1939

பெருமாள்,

சொல்லாதே என்று எழுதினாய். சொன்னேன். நான்தான் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ பார்க்காததை எழுதுகிறேன். உனக்கு அன்றைக்கு முதுகுதானே இருந்தது, கண் இல்லையே.

பேரருவியில் மூன்று நாள் யாரும் குளிக்கக் கூடாதென்று போலீஸ் கயிறு கட்டியிருந்தது. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வண்டி கட்டி வந்த வெள்ளாமைச் சம்சாரிகள், வருஷத்தில் ஒரு தடவை குளிக்க வருகிறவர்கள், எண்ணெயும் சீயக்காயுமாகக் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். ஒரு கிழவர், "தண்ணி யாருக்குய்யா சொந்தம்?" என்று கேட்டார். ஏட்டு லத்தியைக் காட்டினார். உன் அண்ணன் கழுத்தில் மப்ளர் சுற்றி, குடைக்குக் கீழே நாற்காலியில் இருந்தார். சாரல் அவர் மேல் படாமல் இரண்டு பேர் தட்டி பிடித்தார்கள். நீ அருவிக்குள் நின்றாய். காலை எட்டு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை. இருபது வயதில் நானும் அங்கே நின்றிருக்கிறேன். கால்மணி நேரம் நின்றால் தலையில் கல் விழுகிற மாதிரி இருக்கும்.

மேக்கப்காரர் ஒவ்வொரு தடவையும் வந்து உன் முதுகில் எதையோ பூசினார். தண்ணீர் ஒவ்வொரு தடவையும் கழுவிவிட்டது. எதை மறைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உச்சிமாகாளிக்குத் தெரிந்தது.

அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்க்கிற உச்சிமாகாளியை உனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அந்தக் கல்லில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆட்களை முகத்தால் அவருக்குத் தெரியாது, முதுகால்தான் தெரியும். என் பக்கத்தில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"ஏலே, இது செத்துப்போன சுந்தரம் பிள்ளைவாள் முதுகுலா! முதுகுக்குழியில அந்த மச்சம்! வருசா வருசம் சாரலுக்கு எண்ணெய் தேச்சவன் நானு, எனக்குத் தெரியாதா? யாருலே இந்தப் பய?"

கூட்டத்தில் ஒருவன், "இவுக பால்வண்ணநாதன் இல்லையா தாத்தா?" என்றான்.

"அவுகளுக்கும் நாந்தான் தேச்சேன். அவுகளுக்கு மச்சம் கிடையாது."

கூட்டம் சிரித்தது. உன் அண்ணன் எழுந்து கூடாரத்துக்குள் போய்விட்டார். உறவு இல்லை என்று வக்கீலை வைத்து எழுதியவர், அந்த உறவின் முதுகைத்தான் குடைக்கீழ் உட்கார்ந்து கடன் வாங்கிக்கொண்டிருந்தார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போது அத்தை கயிறு வரை போனாள். ஏட்டு தடுத்தார். அங்கேயிருந்தே, "ஏலே பெருமாளு" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். ஒரே தடவை. களத்துமேட்டில் நெல் தூற்றும்போது கூப்பிடுகிற குரல். அருவிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும் குரல்.

நீ திரும்பவில்லை.

திரும்பி நடக்கும்போது, "அருவிச் சத்தத்துல கேட்டிருக்காது" என்றாள். உனக்குக் கேட்டது. உன் தோள் அசைந்ததை நான் பார்த்தேன்.

இனி எனக்கு எழுதாதே.

நல்லக்கண்ணு


மதராஸ்,
20-8-1939

மச்சான்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பதில் போடாவிட்டாலும் படித்துவிடு.

கேட்டது.

அது நாலாவது தடவை எடுத்த ஷாட். முதல் மூன்றும் கெட்டுவிட்டன. இதிலும் திரும்பினால் பிலிம் வீணாகும் என்று நினைத்ததாக உனக்கு எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அது நிஜம் இல்லை. திரும்பினால் என் முகத்தை ஊர் பார்க்கும் என்று பயந்தேன். மூன்றாவது சேவகனாகவும் கரடியாகவும் இருந்தபோது வராத வெட்கம் அப்போது வந்தது. அம்மா அங்கே நிற்கிறாள் என்பதே வெட்கமாக இருந்தது. இதைவிடக் கேவலமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அன்று பகல் ஷூட்டிங் முடிந்து ஒதுக்குப்புறமாகப் போட்டிருந்த கொட்டகையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி வந்தார். வேறு யாரும் இல்லை. துண்டை எடுத்து அவரே என் முதுகைத் துவட்டினார். மச்சத்தின் மேல் கொஞ்சம் நிறுத்தினார்.

"அப்பாவுக்கும் இங்கன ஒண்ணு உண்டு" என்றார்.

அப்பாவுக்கு என்றார். என் அப்பாவுக்கு என்று சொல்லவில்லை, நம்ம அப்பாவுக்கு என்றும் சொல்லவில்லை. ஆனால் என்னிடம் சொன்னார். நான் தைரியமாக, "அண்ணாச்சி, அந்த வக்கீல் காகிதம்..." என்று ஆரம்பித்தேன். துண்டை என் மடியில் போட்டார்.

"அது வேற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காய்ச்சலில் மூன்று வாரம் படுத்திருந்தேன். இப்போது தேவலை.

பெருமாள்


மதராஸ்,
10-1-1940

மச்சான்,

பொங்கலுக்கு வர முடியாது. வர முடியும், வரவில்லை.

வேலை இருக்கிறது. அண்ணாச்சியின் அடுத்த படத்தில் குதிரையிலிருந்து விழுந்தேன். அதற்கடுத்த படத்தில் தீக்குள் புகுந்தேன். எல்லாம் முதுகுதான். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சரியாக நடக்கிறது. முகம் தெரிகிற வேஷத்தைப் பற்றி டைரக்டர் இப்போது பேசுவதில்லை. நானும் கேட்பதில்லை. மச்சத்துக்குப் பூச இப்போது நல்ல பசை வந்திருக்கிறது, தண்ணீருக்குக் கரையாது.

அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதிப் போடு.

பெருமாள்


கடையநல்லூர்,
22-4-1940

பெருமாள்,

ஒன்பது மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். விலாசம் மாறியிருப்பதைக் கவனித்திருப்பாய். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

'மலைநாட்டு மணாளன்' தென்காசிக்கு வந்தது. நோட்டீஸ் வேலை என் கைக்கு வந்தது. உன் அண்ணன் பெயர், அவர் சம்சாரம் பெயர், பாட்டு எழுதியவர், படம் பிடித்தவர், யானைக்குச் சொந்தக்காரர் பெயர்கூட இருந்தது. கீழே இரண்டு விரல் அகலம் இடம் மிச்சம் இருந்தது. பூப்போட்ட கட்டை வைத்து அடைப்போம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை அச்சாபீஸ் வாசலில் வந்து நின்றாள். அதுவரை அவள் அங்கே வந்ததே இல்லை.

"பெருமாளு முதுகு வந்திருக்கதாச் சொல்லுதாவ. அவன் பேரு இருக்கா?" என்றாள்.

"இல்லை அத்தை."

"தம்பின்னு போடாண்டாம். அது அவுக குடுத்தாத்தான். சும்மா அவன் பேரைப் போடு."

"வெறும் பேரா? இனிஷியல் வேணுமே அத்தை. சு போட்டா வக்கீல் வந்துருவான்."

அவள் யோசிக்கவே இல்லை. "என் பேருக்கு எழுத்து கிடையாதா?" என்றாள்.

நான் மூன்று வருஷமாகச் சமத்துவம், சுயமரியாதை என்று மீட்டிங்குகளுக்குப் போகிறவன். கோர்ட்டுக்குப் போ என்று உனக்கு எழுதியவன். தகப்பன் எழுத்தைத்தான் தலையில் வைக்க வேண்டும் என்று எவன் சொன்னான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கைநாட்டு வைக்கிறவளுக்குத் தோன்றியிருக்கிறது.

பெட்டியிலிருந்து மகரத்தை எடுத்தேன், துணைக்காலை எடுத்தேன். எங்கள் அச்சில் மா என்பது இரண்டு துண்டு. அவள் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். பக்கத்தில் சிலேட்டில் எழுதியும் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது திரும்பிக்கிட்டுலா இருக்கு?"

"அச்சு எழுத்து அப்படித்தான் அத்தை இருக்கும். காகிதத்துல விழும்போது நேரா விழும்."

"அப்பச் சரி" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

தென்காசி எல்லோருக்கும் பொது, அதனால் தெ-வை விடவில்லை. கடைசி வரி இது: 'அருவிக்குள் நிற்பவர்: தெ. மா. சிவனணைந்தபெருமாள்.' பொடி எழுத்தில் இல்லை. உன் அண்ணன் பெயருக்கு அடுத்த பருமன். இரண்டாயிரம் நோட்டீஸ். முரசடித்து வண்டியில் போய்த் தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை வரை கொடுத்து முடித்த பிறகுதான் எங்கள் அச்சாபீஸ் முதலாளி படித்துப் பார்த்தார்.

ஆறரை மணி ஆட்டத்தில் அருவிக் காட்சி வந்தது. உன் அண்ணன் பாட்டு ஓடுகிறது, திரையில் உன் முதுகு. தரையிலிருந்து ஒருத்தன், "மாரித்தாய் மகன்லே!" என்றான். அப்புறம் விசில். பாட்டில் ஒரு வரிகூடக் காதில் விழவில்லை. உச்சிமாகாளி பெஞ்சு டிக்கெட் எடுத்து வந்திருந்தார். "மச்சத்தைக் காணமே, அழிச்சுப் போட்டானுவளே" என்று பக்கத்திலிருப்பவர்களிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மதராஸிலிருந்து தந்தி வந்ததாம். இப்போது கடையநல்லூரில் ஒரு சின்ன அச்சாபீசில் இருக்கிறேன். தறிக்காரர்களுக்கு ரசீதுப் புத்தகமும் கலியாணக் கடுதாசியும் அடிக்கிறோம். எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. உன் வேலையும் போயிருக்கும். உன்னைக் கேட்காமல் செய்தேன். திட்ட வேண்டும் என்றால் திட்டு. மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அத்தை சுகமாக இருக்கிறாள். அந்தப் பழைய நோட்டீஸை எறிந்துவிட்டு இதை வைத்திருக்கிறாள்.

நல்லக்கண்ணு


கோயமுத்தூர்,
19-5-1940

மச்சான்,

என் வேலையும் போய்விட்டது. நீ அடித்த நோட்டீஸ் ஒன்றைக் கம்பெனி மானேஜர் என் முன்னால் மேஜையில் போட்டார். "இது யார் வேலை?" என்றார். நான் எடுத்துப் படித்தேன். எங்களைப் போன்ற ஆட்களின் பெயர் அச்சில் வருவதே அபூர்வம். முழுப் பெயர் வந்திருந்தது. கட்டெறும்பு இல்லை.

"என் அம்மா வேலை" என்றேன்.

அண்ணாச்சி உள்ளே இருந்தார். வெளியே வரவில்லை. நான் படியிறங்கும்போது இராமலட்சுமி அம்மா மட்டும் வாசலுக்கு வந்து, "அவர் அந்த நோட்டீஸை வச்சிண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். கோபம்தானான்னு எனக்குத் தெரியலை" என்றார். எனக்கும் தெரியவில்லை. இனி அதைக் கண்டுபிடிக்கிற வேலை என்னுடையது இல்லை.

உன்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கோயமுத்தூருக்கு ரயிலேறினேன்.

அருமைநாயகம் முதலாளி இரவல் செட்டில் இன்னொரு துண்டுப் படம் எடுக்கிறார். எனக்கு ஒரு தோட்டக் காவல்காரன் வேஷம். கதாநாயகன் இல்லை, இரண்டு இடம்தான். பெயர் எப்படிப் போட வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

"தெ தென்காசி. மா என்னவே? அப்பன் பேரு சுந்தரம்லா? மாடசாமின்னு மாத்திட்டீரா?"

"மாரித்தாய் மொதலாளி. எங்க அம்மை."

பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நம் பள்ளிக்கூடத்து வாத்தியார் கோடு போட்டதாக நீ எழுதியது ஞாபகம் வந்தது. இவரும் போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"சனங்க கேப்பாங்களேவே?"

"கேக்கட்டும் மொதலாளி."

கொஞ்சம் யோசித்தார். "கேட்டா நல்லதுதான், நாலு பேரு பேசுவான்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். அவர் புத்தி வியாபாரத்தில்தான் போகிறது. போகட்டும், எழுதினாரே.

படம் ஆடிக் கடைசியில் தென்காசிக்கு வரலாம். அந்தப் பழைய அச்சாபீசில்தான் நோட்டீஸ் அடிப்பார்களோ என்னவோ. கடையநல்லூருக்குக் கொண்டுபோகச் சொல்லி முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். எழுத்து எந்தப் பருமன் என்பது உன் இஷ்டம்.

அம்மாவைக் கூட்டிப் போ. தரை டிக்கெட்டே போதும், முன்னால் உட்காரட்டும். முதலில் நான் தோட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பின்னாலிருந்து ஒரு பொம்பளைக் குரல் கூப்பிடும். நான் திரும்புவேன். காமிரா பக்கத்திலேயே இருக்கும், முகம் நன்றாகத் தெரியும். அந்த இடம் சீக்கிரம் போய்விடும். அப்போது அவள் வெற்றிலை மடித்துக்கொண்டு குனிந்திருந்தால் தவறிவிடும். தோளைத் தொட்டுச் சொல்.

தெ. மா. சிவனணைந்தபெருமாள்